பெயர் எழுதாத கப்

திருப்பதிக் கடையின் குப்பைத் தொட்டி காலியாக இருக்கிறது என்பதற்காகப் பெங்களூர் ஆபீசில் கேக் வெட்டினார்கள். வெட்டியவர் என் மேலதிகாரி பிரஹ்லாத். பக்கத்தில் நின்று கைதட்டியவள் நான். கைதட்டும்போதே எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்தத் தொட்டி ஏன் காலியாக இருக்கிறது என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் கையில் கத்தியும் கேக்கும் இருந்தன.

முதலிலிருந்து சொல்கிறேன். மார்வென் காபி என்று ஒரு கம்பெனி. தலைமை ஆபீஸ் ஸ்காட்லாந்தில், கடைகள் உலகம் முழுக்க. திருப்பதியில் கபிலதீர்த்தம் ரோட்டில் ஒரு கடை திறந்தபோது, இந்தப் பக்கத்து மார்க்கெட்டிங்கைப் பார்த்துக்கொள்ள என்னை எடுத்தார்கள். என் பெயர் துர்காதேவி. நான் நகரிக்காரி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நெசவு ஊர். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்தில் படித்துத்தான் எம்.பி.ஏ. முடித்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. இண்டர்வியூவிலும் அப்படியேதான் பேசினேன். பிரஹ்லாத் காதைத் தேய்த்துக்கொண்டே வேலை கொடுத்தார்.

மார்வெனுக்கு ஒரு சட்டம் உண்டு. காபி கேட்டு வருகிறவரிடம் பெயரைக் கேட்க வேண்டும். அதைக் காகிதக் கப்பின்மேல் கறுப்புப் பேனாவால் எழுத வேண்டும். காபி தயாரானதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு நீங்கள் கூட்டத்தில் ஒருவர் இல்லை, உங்களை எங்களுக்குத் தெரியும் என்று அதற்கு அர்த்தம். கம்பெனியின் உயிரே அந்தப் பேனாவில்தான் இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன், நல்ல யோசனைதான். தரிசன வரிசையில் விடிய விடிய நின்று, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, மொட்டைத் தலையோடு மலையிறங்கி வருகிறவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கு மனசு குளிரும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் கடை எங்கே திறந்தோம்? திருப்பதியில். கவுண்டர் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் வெங்கடேஷ், ஸ்ரீனிவாசலு, கோவிந்தம்மா, பாலாஜி, பத்மாவதி, வெங்கடரமணா, நாராயணசாமி என்று விழும். வீட்டுக்கு ஒருவருக்காவது மலைமேல் இருக்கும் பெருமாள் பெயரை வைக்காத குடும்பம் இந்தப் பக்கம் கிடையாது. அந்தப் பெயரைக் கப்பில் எழுதி, அதில் வாய் வைத்துக் குடிக்கச் சொல்லி, குடித்து முடித்ததும் மிச்சம் மீதியோடும் எச்சில் டிஷ்யூவோடும் தொட்டியில் போடு என்றால் யாருக்குக் கை வரும்? சாமி படம் போட்ட பழைய காலண்டரையே தூக்கி எறிய மனசு வராமல் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிற ஜனங்கள் இவர்கள்.

அதனால் போடவில்லை. சிலர் கப்பை மேசையிலேயே விட்டுவிட்டு, பாவத்தை யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று நைசாக நழுவினார்கள். மேசை துடைக்கிறவர்களுக்கும் அதே சாமிதானே, அவர்கள் எடுத்து ஓரமாக அடுக்கினார்கள். மற்றவர்கள் கை கழுவும் இடத்தில் கப்பையும் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். அடிக்கடி வருகிற உள்ளூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். பெயர் கேட்டால் பாபு என்று சொல்லிவிடுவார்கள். பாபுவைத் தொட்டியில் போட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. பெங்களூரில் பில்லில் இருந்த பெயர்களைக் கணக்குப் பார்த்தவர்கள், திருப்பதியில் எங்கு திரும்பினாலும் பாபு என்று ஒரு படம் போட்டு எனக்கு அனுப்பினார்கள்.

இதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. கடை திறந்த மறுநாளே என் கையே சொல்லிவிட்டது. என் காபியைக் குடித்துவிட்டுக் கப்பைப் போடத் தொட்டியிடம் போனேன். அதில் துர்காதேவி என்று எழுதியிருந்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது. எனக்கும் அந்த அம்மனுக்கும் பொருத்தம் கோபத்தில் மட்டும்தான் என்று என்னைப் பெற்ற நைனாவே சொல்வார். இருந்தாலும் போட முடியவில்லை. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் கப்பைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அதை அப்படியே பிரஹ்லாதிடம் சொன்னேன். அவர் தாத்தா மலைமேல் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்தவர். இவர் வளர்ந்தது டெல்லியில். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். சிரித்தார். ஆனால் மேலே அனுப்பிய ரிப்போர்ட்டில் காரணம் இல்லை, காலித் தொட்டி மட்டும் இருந்தது. திருப்பதி மக்களுக்கு எங்கள் கப்பின்மேல் அவ்வளவு பிரியம், குடித்துவிட்டு வீட்டுக்கே எடுத்துப் போகிறார்கள், உலகத்தில் வேறெந்தக் கடையிலும் இது நடந்ததில்லை என்று எழுதியிருந்தார். ஸ்காட்லாந்தில் குதித்தார்கள். 'வீட்டுக்குப் போகும் கப்' என்று பெயர் வைத்து, இதையே எல்லா நாட்டிலும் விளம்பரமாகச் செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குத்தான் அந்தக் கேக்.

கேக் தீர்ந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"துர்கா, கப் வீட்டுக்குப் போறதா இல்லையா? போறது. ஏன் போறதுங்கறதை யாரும் கேக்கலையே. நீயா போய்ச் சொல்லி உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே."

என் தலை என்று அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. தென்னிந்தியா முழுவதற்கும் பிராண்ட் தலைவர் பதவி ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு என் பெயர் போயிருந்தது. அனுப்பியவரும் பிரஹ்லாத்தான், அதையும் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. உலக பிராண்ட் தலைவி எலீன் நேரில் வந்து திருப்பதிக் கடையைப் பார்ப்பார், பிடித்துப்போனால் அன்றைக்கே அந்தப் பதவி எனக்கு என்று ஏற்பாடு. எனக்கு அது வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்கிற ரகம் நான் இல்லை. நகரியிலிருந்து கிளம்பிப் போன பெண் எந்தக் கடையில் என்ன போர்டு தொங்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசையாக ஆசைப்பட்டேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

எலீன் வந்தார். நரைத்த முடி, தட்டையான செருப்பு, கண்ணால் எல்லாவற்றையும் அளக்கிற பெண்மணி. கடை நிறைந்திருந்தது. மலையிலிருந்து இறங்கியவர்கள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், பிரசாதப் பைகள், தூங்கி வழிகிற குழந்தைகள். கவுண்டரில் அலர்மேல் நின்றாள். திருப்பதிப் பெண். அவள் அப்பா ஜகந்நாதன் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். எலீன் தனக்கும் ஒரு காபி கேட்டார். பெயர் கேட்டதும், இந்த ஊர்ப் பெயராகவே ஒன்று எனக்கும் வையுங்களேன் என்றார். பிரஹ்லாதுக்குத் தலைகால் புரியவில்லை. பத்மாவதி என்று வை, தெலுங்கிலேயே எழுது, போட்டோவில் அழகாக இருக்கும் என்று அலர்மேலிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கப்பில் பத்மாவதித் தாயார் திருநாமத்தை எழுதினாள்.

போட்டோ எடுத்தார்கள். எலீன் நின்றபடியே குடித்தார், நன்றாக இருக்கிறது என்றார். இந்தக் கப்பின்மேல் இந்த ஊர் வைத்திருக்கும் அன்பை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று பேசினார். பேசி முடித்ததும், எல்லோரும் எல்லா ஊரிலும் செய்வது போல, காலிக் கப்பை ஒரு கையால் நசுக்கித் தொட்டியில் போட்டார்.

வாசல் பக்க மேசையில் ஒரு பெரியம்மா படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மொட்டைத் தலைக்காரர் குடித்துக்கொண்டிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டார். அலர்மேல் தலையைக் குனிந்துகொண்டாள். பிரஹ்லாத் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார், யாரும் பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். போய்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். பாதி கடித்த பன், ஈர டிஷ்யூ எல்லாவற்றுக்கும் நடுவில் கிடந்த கப்பை எடுத்தேன். புதுச் சேலை முந்தானையாலேயே அதைத் துடைத்தேன். நசுங்கிய இடத்தை விரலால் நிமிர்த்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிமிர்ந்தபோது எலீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதவி போச்சு என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது, கூடவே இத்தனை நாள் அடக்கி வைத்த கோபமும் வந்தது. இனி வாயை மூடி என்ன ஆகப்போகிறது?

நான் தப்பாக ஏதாவது செய்துவிட்டேனா என்று எலீன் கேட்டார். நான் பேசியது ஆங்கிலத்தில். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல மேடம். நாங்கதான் பண்ணோம். இந்தக் கப்ப ஆசைப்பட்டு யாரும் வூட்டுக்கு எடுத்துக்கினு போகல. இதுல எங்க சாமி பேர் இருக்குது. குப்பையில போட மனசு வரல, அதான் எடுத்துக்கினு போறாங்க. உங்க ரிப்போர்ட்ல அன்புன்னு இருக்கறது அன்பு இல்ல, சங்கடம்."

பிரஹ்லாத் என் தோளைத் தொட்டார். தள்ளி நின்றுகொண்டேன். ஆரம்பித்துவிட்டேன், முடிக்காமல் விட எனக்குத் தெரியாது. ஒரு தரம் வந்தவர்களில் பலர் மறுபடி வருவதில்லை என்றேன். காபி பிடிக்காமல் இல்லை, அந்தக் கப்பை என்ன செய்வது என்ற தொல்லைதான் என்றேன். எங்கு திரும்பினாலும் பாபு இருப்பது எப்படி என்றும் விளக்கினேன். அப்போதுதான் எலீனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. பாபுவைப் பற்றி அவரும் படித்திருந்தார் போல.

அவர் கத்தவில்லை. பிரஹ்லாதைத் திரும்பிப் பார்த்தார். பிரஹ்லாத் தரையைப் பார்த்தார். பிறகு என்னிடம், பெயர் எழுதுவதை விட்டுவிட்டால் மார்வெனில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சுற்றிலும் பார்த்தேன். பக்கத்து மேசையில் முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் பேச ஆரம்பித்திருந்தன. இங்கே எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வியைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏ ஊரண்டி, எந்த ஊர்? தரிசன வரிசையில் அதுதான், பஸ்ஸில் அதுதான், மொட்டை போடுகிற இடத்திலும் அதுதான்.

"பேர் வாயில இருக்கட்டும், கப்புல வேணாம்" என்றேன். "சாமி பேர வாய்விட்டுக் கூப்பிட்டா எங்களுக்குப் புண்ணியம். குப்பையில போட்டாத்தான் பாவம். ஆனா இங்க வெங்கடேஷ்னு கூப்பிட்டா பாதிக் கடை எழுந்து வரும். அதனால ஊரையும் சேத்துக் கூப்பிடுவோம். நெல்லூர் வெங்கடேஷ், ஓசூர் வெங்கடேஷ். எங்கியோ வந்து நிக்கறப்போ ஒருத்தர் நம்ம ஊர் பேர சத்தமாச் சொன்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

எலீன் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே கடையைச் சுற்றி வந்தார். கடைசியில், ஒரு மாதம் தருகிறேன் என்றார். இந்தக் கடையிலும் அடுத்த வாரம் சித்தூரில் திறக்கப்போகும் கடையிலும் மட்டும் உன் வழி. உன் பதவி விஷயமாகக் கையில் ஒரு முடிவோடு வந்தேன், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறேன், மாதம் முடிந்ததும் பார்ப்போம் என்றார். கேக் வெட்டிக் கொண்டாடிய விளம்பரத்தை அங்கேயே நின்று போனில் நிறுத்தினார். பிரஹ்லாத் அன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். நைனா பெயர் தாமோதரன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்றார். தெரியவில்லை என்றேன். அந்தக் கப்பை என்ன செய்தாய் என்று கேட்டார். அலர்மேல் வீட்டு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டோம் என்றேன். அப்படியானால் சரி என்று மறுபடி தறியை ஓட்டப் போய்விட்டார்.

முதல் நாள் கூத்தைச் சொல்ல வேண்டும். கப்பில் ஒன்றும் எழுதுவதில்லை, ஊரும் பெயரும் கவுண்டர் திரையில் மட்டும் தெரியும். பழக்கமில்லாததால் கப்புகள் மாறிப்போயின. நெல்லூர்க்காரர் கேட்ட ஸ்ட்ராங் காபி நாக்பூர் அம்மாவிடம் போயிற்று. இரண்டு பேரும் மாற்றிக்கொள்ள எழுந்தவர்கள் அப்படியே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிரச்சினை, கூப்பிடுகிற விதம். கமலக்கண்ணன் என்று ஒருவன், நல்ல வேலைக்காரன், "புத்தூரு, புத்தூரு" என்று பஸ் கண்டக்டர் மாதிரியே கூவினான். ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, வண்டி ரேணிகுண்டா வழியாகப் போகுமா என்று விசாரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அலர்மேல்தான் காப்பாற்றினாள். சின்ன வயதிலிருந்து பாசுரம் சொல்லி வந்த தொண்டை. கத்தமாட்டாள். ஆனால் கடைசி மேசையில் இருப்பவருக்கும், தனக்காகவே சொன்ன மாதிரி போய்ச் சேரும். ஊரை முதலில், ஒரு மூச்சு விட்டுப் பெயரை அடுத்து. "சாந்திபுரம்... ரத்னம்மா." அந்த ரத்னம்மா எழுந்து வருவதற்குள் வேறு மேசையிலிருந்து ஒரு குடும்பமே எழுந்து நின்றது, நாங்களும் சாந்திபுரம்தான் என்று. ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாது. போகும்போது ஒரே வாடகைக் காரில் சேர்ந்து போனார்கள். அதற்குப் பிறகு எல்லோரையும் அலர்மேல் மாதிரியே கூப்பிடப் பழக்கினேன். கமலக்கண்ணன் இரண்டு நாள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினானாம், அவன் தங்கை வந்து கோள் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு அது தானாகவே பிடித்துக்கொண்டது. காபி குடிக்காதவர்கள்கூட வாசலில் நின்று ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மூர் ஆள் யாராவது வந்திருக்கிறார்களா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்தவர்கள் உட்கார்ந்தார்கள். யாரோ போனில் எடுத்த வீடியோ எங்கெங்கோ போயிற்று, நாங்கள் ஒரு பைசா விளம்பரம் செய்யவில்லை. உள்ளூர்க்காரர்கள் பாபுவைக் கைவிட்டுச் சொந்தப் பெயரோடு வந்தார்கள். தொட்டியும் நிறைந்தது. சாயங்காலம் அது நிறைந்து வழிவதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் பூரிக்கும். குப்பையைப் பார்த்து இப்படிப் பெருமைப்பட்டவள் எங்கள் வம்சத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிரஹ்லாத் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வரிசையில் நின்று காபி கேட்டார். பெயர் கேட்டதும் சொன்னார். ஊர் கேட்டதும் திருதிருவென்று விழித்தார். டெல்லி என்றார், இல்லை பெங்களூர் என்றார். பின்னால் நின்ற ஆள், சார் சொந்த ஊரைச் சொல்லுங்க, வண்டி நிக்குது என்று அவசரப்படுத்தினார். கடைசியில் தாத்தா ஊரைச் சொன்னார். "சந்திரகிரி... பிரஹ்லாத்" என்று அலர்மேல் கூப்பிட்டதும் போய் வாங்கிக்கொண்டார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ரிப்போர்ட்டை நானே எழுதுகிறேன், இந்தத் தடவை காரணத்தோடு என்றார். யோசனை யாருடையது என்றும் எழுதுவீர்களா என்று கேட்டேன். முதல் வரியிலேயே என்றார். எழுதியும் இருந்தார். அதனால் அவர்மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசியை விட்டுக்கொடுத்தேன்.

மாதம் முடிந்தது. எலீன் இந்த முறை சித்தூர்க் கடைக்கு வந்தார். அங்கே இருப்பவர்களுக்குக் கூப்பிடக் கற்றுக்கொடுக்க அலர்மேலையும் அழைத்து வந்திருந்தேன். சித்தூர் வேறு மாதிரி. இங்கே சாமி பார்க்க வருகிறவர்கள் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வருகிறவர்கள். திருப்பதியில் செல்லுபடியான வித்தை இங்கே ஆகுமா என்று எனக்கே உதறல்தான். காலையிலிருந்து எலீன் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. கோர்ட் வேலையாக வந்து அலுத்துச் சலித்து உட்கார்ந்திருந்த ஒருவர், தன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வந்ததை நானும் பார்த்தேன், எலீனும் பார்த்தார்.

மதியத்துக்கு மேல் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தெரியாமல் இழுத்துக்கொண்டு நின்றவர் யார் என்று பார்த்தால், நைனா. கூடவே பக்கத்துத் தறிக்கார அப்பாவு மாமா. தறிக்கு ஏதோ சாமான் வாங்கச் சித்தூர் வந்தார்களாம். திரும்பும்போது என் காரிலேயே போகலாம் என்று வந்துவிட்டார்கள். இதுவரை நைனா என் கடை எதிலும் கால் வைத்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சட்டையில் நூல் தூசி இருந்தது. இரு நைனா, காபி வாங்கி வருகிறேன் என்று கவுண்டருக்குப் போனேன். யாராக இருந்தாலும் பெயரும் ஊரும் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டவளே நான்தான். அலர்மேல் சிரிக்காமல் என்னிடமே கேட்டாள். சொன்னேன்.

திரும்பும்போது எலீன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். எழுந்து நின்றே பேசினார். அந்தப் பதவி உனக்குத்தான், தென்னிந்தியா முழுவதும் என்றார். கப்பில் எழுதுகிற சட்டத்தையும் அந்தந்த நாட்டுக்காரர்களையும் கேட்டுவிட்டுத்தான் இனி வைப்போம், அதை உன்னிடமிருந்து கற்றேன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தறிச் சத்தத்தையும் தாண்டிப் பேசுகிறவள், நன்றி என்ற ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அலர்மேல் கூப்பிட்டாள். "நகரி... துர்காதேவி."

ஜன்னல் பக்க மேசையிலிருந்து ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும் சட்டென்று திரும்பினார்கள். நகரியா, யார் வீட்டுப் பெண் என்று அந்த அம்மாள் எழுந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்து நின்றுவிட்டார். "என் பொண்ணு" என்றார். கடையில் எல்லோருக்கும் கேட்டது. ஒரு தரம் சொன்னது போதாமல், அவருக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவு மாமாவும் ஜன்னல் மேசையைப் பார்த்து, தாமோதரன் பொண்ணு என்று திருப்பிச் சொன்னார்.

காபியோடு நைனாவிடம் வந்தேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டார். எலீன் இருந்த பக்கம் தலையைச் சாய்த்து, அந்தம்மா இன்னா சொல்லிக்கினு இருந்தாங்க என்று கேட்டார்.

"பெரிய வேலை குடுத்துட்டாங்க நைனா. அஞ்சு ஸ்டேட்டுக்கும் நான்தான்."

தலையை ஆட்டினார். காபியை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேசையில் வைத்தார். கவுண்டரில் இருந்த அலர்மேலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும்மா" என்றார். "அந்தப் பொண்ண இன்னொரு தபா அப்படியே உன்னக் கூப்பிடச் சொல்லு."